பேரை அடி

பெறுநர் என்று அடித்துவிட்டு ஹெப்சிபா விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.    “உறுப்பினர் செயலர், ஆய்வாளர் குறைதீர்க்கும் குழு, பதிவாளர் அலுவலகம்,” என்றார் பத்மலோசனி மேடம். நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார். மேடத்துக்குத் தட்டச்சு வராது. வராது என்பதைவிட, கற்றுக்கொள்ளத் தேவைப்பட்டதில்லை என்பதுதான் சரி. தாவரவியல் துறைக்கு வந்து இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்று மாற்றி ஒன்றாக யாராவது ஒரு ஆய்வு மாணவியின் விரல்கள் அவருக்கு இருந்திருக்கின்றன. கடந்த ஏழு வருஷமாக ஹெப்சிபாவின் விரல்கள். எத்தனையோ கடிதம் அடித்திருக்கிறாள். விடுப்புக் கடிதம், கருத்தரங்க அழைப்பு, மேடத்தின் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நன்றிக் கடிதம். இது மட்டும் வேறு. மேஜைமேல் ஸ்டேப்ளருக்கு அடியில் செருகியிருந்த இரண்டு பக்கப் புகார் மனுவுக்கு மேடம் சொல்லும் விளக்கம் இது. மேடத்தின் பேரில் வந்த புகார். எழுதியவர் பெயர் இல்லாத புகார். எழுதியவள் ஹெப்சிபா.

“பொருள்னு போட்டு, பெயரில்லா மனு மீதான விளக்கம், தொடர்பாக. அடிச்சியா?” அடித்துவிட்டேன் மேடம் என்று வாய் சொன்னது. மின்விசிறி தலைக்குமேல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் கிறீச்சிட்டது. அந்தக் கிறீச்சை எண்ணிக்கொண்டே இருந்தால் போதும், வேறு எதையும் நினைக்க வேண்டாம் என்று பார்த்தாள். ஆனால் எண்ணுகிறவளுக்குப் பக்கத்திலேயே இன்னொருத்தி உட்கார்ந்துகொண்டு, இவருக்குத் தெரியும், தெரிந்துதான் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தெரிந்திருந்தால் இப்படியா காலையில், ஹெப்சி, டீ குடிச்சியா, வா, ஒரு லெட்டர் அடிக்கணும் என்று கூப்பிடுவார்? தெரியாமல் இருந்தால் ஏன் கதவைச் சாத்தச் சொன்னார்? கதவை எப்போதுமே சாத்தத்தான் சொல்வார், வராந்தாவில் வெயில். வெயில் இல்லாத நாளிலும் சொல்வாரா? யோசித்துப் பார்த்தாள். மழை நாள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு மழை நாள்கூடவா இந்த அறையில் உட்கார்ந்ததில்லை?

பெயரில்லாத மனுவைக் கிழித்துப் போடுவதுதான் இந்தப் பல்கலைக்கழகத்தில் வழக்கம். அதை நம்பித்தான் எழுதினாளோ என்னவோ, இப்போது நினைத்தால் அப்படித்தான் படுகிறது. எழுதியும் ஆயிற்று, ஒன்றும் ஆகவும் ஆகாது, மனசு மட்டும் கொஞ்சம் லேசாகும். பேர் போட்டு எழுதவும் முடியாது. ஆய்வாளர் எந்தக் கடிதம் கொடுத்தாலும் ‘வழி: நெறியாளர்’ என்று எழுதி, நெறியாளர் கையெழுத்தோடுதான் போக வேண்டும் என்பது விதி. மேடத்தைப் பற்றிய புகாரில் மேடத்தின் கையெழுத்தை எப்படி வாங்குவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையோடேயே, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் அடித்து எடுத்தாள். நிர்வாகக் கட்டடத்து வாசலில் தொங்கிய குறைப் பெட்டியில் திங்கட்கிழமை காலை யாரும் வருவதற்கு முன்னால் போட்டாள். பூட்டுப் போட்ட அந்தத் தகரப் பெட்டியை ஏழு வருஷத்தில் யாரும் திறந்து அவள் பார்த்ததில்லை. இந்த வருஷம் புதிதாக வந்த உறுப்பினர் செயலர் திறந்துவிட்டார். திறந்ததோடு விடாமல் நகல் எடுத்து, பதினைந்து நாளில் விளக்கம் தரவும் என்று முத்திரை குத்தி அனுப்பியும்விட்டார். இன்று பதினைந்தாவது நாள். குழு மூன்று மணிக்குக் கூடுகிறது.

“முதல் குற்றச்சாட்டு,” என்று மேடம் மனுவை எடுத்து வாசித்தார். “இளநிலை வகுப்புகளை நெறியாளருக்குப் பதிலாக ஆய்வாளர்களே எடுக்கிறார்கள், வருகைப் பதிவேட்டில் மட்டும் நெறியாளர் கையெழுத்து இடுகிறார். இதுக்கு எழுது. ஆய்வாளர்களுக்குக் கற்பித்தல் அனுபவம் கிடைக்க வேண்டும் என்ற நன்னோக்கில் அவ்வப்போது.” அவ்வப்போது என்று அடித்தாள். வாரத்துக்கு ஏழு வகுப்பு. கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கடற்பாசியின் குறுக்குவெட்டுப் படம் போடும்போது பின்னால் பையன்கள் கிசுகிசுப்பார்கள், இது மேடம் இல்லடா, மேடத்துக்கிட்ட படிக்கற அக்கா என்று. அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பு எடுப்பது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். முழுக்க வெறுத்திருந்தால் எழுதினது இவ்வளவு உறுத்தாது. “நன்னோக்கில்னு ஒட்டி அடி, இடம் விடாதே,” என்றார் மேடம், திரையைப் பார்க்காமலேயே. எப்படித் தெரிகிறது இவருக்கு? இடம் விட்டுத்தான் அடித்திருந்தாள்.

மேடம் எழுத்தில் கெட்டி. இவர் கண்ணுக்குத் தப்பும் பிழை கிடையாது. ஹெப்சிபாவின் ஆய்வேட்டில் முதல் மூன்று இயல் முழுக்கச் சிவப்பு மை. எத்தனை தடவை சொன்னாலும் அவள் கை முயற்ச்சி என்றுதான் எழுதும். எதுக்கு நடுவுல இன்னொரு ச், அது என்ன உனக்குக் கடன்பட்டிருக்கா என்று மேடம் சிரிப்பார். அதனால் புகார் மனுவில் அந்தச் சொல்லே வராமல் பார்த்துக்கொண்டாள். முயற்சி வர வேண்டிய இடத்தில் விரல் நின்றது, வேறு சொல் தேடியது, பிரயாசம் என்று ஒன்று தானாக வந்து விழுந்தது. மிகுந்த பிரயாசத்தோடு ஆய்வுக்கு வந்த ஏழைப் பிள்ளைகள். அடித்தபோது நன்றாக இருந்தது. பெட்டியில் போட்டுவிட்டு விடுதிக்கு நடக்கும்போதுதான், வேப்பமரத்தடியில், திடுக்கென்றது. அது பிரசங்க மேடைச் சொல். அப்பா ஜெபிக்கும்போது சொல்லும் சொல். இந்தத் துறையில் வேறு யார் வீட்டில் அந்தச் சொல் புழங்குகிறது? ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வாய் சின்னது. மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. சிராய்ப்பு மட்டும் ரெண்டு நாள் இருந்தது.

இப்போது மேடம் அந்த வரியில்தான் நிற்கிறார். அவள் தலையைத் திருப்பவில்லை, ஆனால் சிவப்புப் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. “பிரயாசத்தோடுன்னு யாரு இந்தக் காலத்துல எழுதறா?” என்றார் மேடம். தனக்குத்தானே கேட்பது போலவும் இருந்தது, அவளைக் கேட்பது போலவும் இருந்தது.  ஏதாவது சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தால் அதுவே ஒரு பதில். “பழைய ஆளுங்க யாராவது எழுதிக் குடுத்திருப்பாங்க மேடம்.” சொன்ன பிறகு அந்தக் குரல் யாருடையது என்று யோசித்தாள். இவ்வளவு சரளமாகவா வரும் பொய்? “ம். இருக்கும்,” என்றார் மேடம். சிவப்புப் பேனா நகர்ந்துவிட்டது. நகர்ந்துவிட்டதா, அல்லது வட்டம் போட்டுவிட்டு நகர்ந்ததா? திரும்பினால் தெரியும். திரும்பக் கூடாது. மூணாவது வருஷம் மஞ்சள் காமாலை வந்து விடுதியில் சுருண்டு கிடந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது இதே மேடம்தான். பதினோரு நாள், தினம் சாயங்காலம் உப்புச் சேராத கஞ்சி ஒரு தூக்கில் வரும். அம்மா தோட்ட வேலையை விட்டு வர முடியாமல் போனில் அழுதபோது, நான் இருக்கேன்ல, எம் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன் என்று போனை வாங்கிச் சொன்னவர். அது பொய்யில்லை. அந்தக் கஞ்சியும் பொய்யில்லை, ஒரு மாணவிக்கு நாலு மாதமாகப் போடாத கையெழுத்தும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே கைதான் செய்தது. இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டாவது குற்றச்சாட்டு கையெழுத்தைப் பற்றியதுதான். உதவித்தொகை வாங்கும் மாணவிக்கு மாதாமாதம் நெறியாளர் ஒரு தொடர்ச்சிச் சான்று தர வேண்டும். முன்னேற்றம் திருப்தி என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அது போனால்தான் உதவித்தொகை வரும். முதலாண்டு மாணவி முத்துப்பேச்சிக்கு அந்தக் கையெழுத்து நவம்பரிலிருந்து விழவில்லை. தென்காசிப் பக்கத்துப் பெண், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. முதல் மாதத்தில் எல்லாருக்கும் கொடுக்கிற பச்சை அட்டை ஆய்வாளர் கையேட்டை யாரும் பிரித்ததில்லை. அவள் பிரித்துப் படித்தாள், பென்சிலால் கோடு போட்டாள். மேடம் ஒருநாள் இளநிலை வகுப்புக்குப் போகச் சொன்னபோது அந்தக் கையேட்டோடு வந்து நின்று, “மேடம், இதுல இருபத்தி ரெண்டாம் பக்கத்துல, முதலாண்டுல வகுப்பு எடுக்கச் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு,” என்றாள். எதிர்த்துச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். மேடம் சிரித்தார். “ஓ. அப்ப நாமளும் விதிப்படியே நடந்துக்குவோம்.” முன்னேற்றம் திருப்தியா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை நெறியாளருக்கே என்பதும் அதே கையேட்டில் இருக்கிறது. இருபத்து மூன்றாம் பக்கம்.

“இரண்டாவதுக்கு,” என்று மேடம் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். “இதுல ஒரு முதலாண்டு மாணவின்னு வருது பாரு. துறையில முதலாண்டுல இருக்கறது ஒருத்திதான். எழுதினது யாருன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்.” ஹெப்சிபாவின் விரல்கள் விசைகள்மேல் அப்படியே நின்றன. எழுதும்போது அது தோன்றவே இல்லை. தன் பெயர் தெரியக் கூடாது, தன் எழுத்து தெரியக் கூடாது, தன் தவறான ச்கூடத் தெரியக் கூடாது என்று தன்னை ஒளிப்பதிலேயே குனிந்திருந்ததில், முத்துப்பேச்சியை நடுத்தெருவில் நிறுத்தியது தெரியவில்லை. “எழுது. மேற்படி மனுவை எழுதியவர் செல்வி முத்துப்பேச்சி என நம்புவதற்குப் போதிய ஆதாரம் உள்ளது. மேற்படியார், முழுநேர ஆய்வாளர் வேறு எவ்வகைப் பணியிலும் ஈடுபடலாகாது என்ற விதி பதினான்கை மீறி, நகரில் உள்ள ஒரு ஜவுளிக் கடையில் மாலை நேர விற்பனைப் பெண்ணாகப் பணிபுரிந்து வருகிறார். எனவே அவரது ஆய்வுப் பதிவை ரத்து செய்ய.” மேடம் நிறுத்தினார். “என்ன, சத்தத்தையே காணோம்?”

ஜவுளிக் கடை. அது மேடத்துக்கு எப்படித் தெரிந்தது என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன மாதம் மதுரைக் கருத்தரங்குக்கு மேடத்தின் காரில் போகும்போது, கோவில்பட்டி தாண்டி, மேடம் நல்ல மனநிலையில் கடலை மிட்டாயை உடைத்துக் கையில் கொடுத்தபோது, இதுதான் சமயம் என்று ஹெப்சிபாதான் சொன்னாள். பாவம் மேடம் அந்தப் பிள்ள, உதவித்தொகை வராம, சாயங்காலம் ஜவுளிக் கடையில நாலஞ்சு மணி நேரம் நின்னுட்டு வருது, காலெல்லாம் வீங்கிக் கிடக்கு, கையெழுத்துப் போட்டுருங்க மேடம். மேடம் வெளியே பார்த்துக்கொண்டு, “அப்படியா, எந்தக் கடை?” என்றார். இரக்கத்தில் கேட்கிறார் என்று நினைத்துக் கடை பேரையும் சொன்னாள். மிட்டாய் வாயில் கரைந்துகொண்டிருந்தது. சொன்ன வாய். எழுதின கை. ரெண்டும் நல்லதுக்குத்தானே செய்தன? ரெண்டும் போய்ச் சேர்ந்திருப்பது ஒரே இடத்தில், செல்வி முத்துப்பேச்சி என்ற வரியில். கையெழுத்து இல்லாததால் உதவித்தொகை இல்லை, உதவித்தொகை இல்லாததால் கடை, கடைக்குப் போனதால் விதி பதினான்கு. எங்கே தொடங்கினாலும் அந்தப் பெண் வெளியே போகிற மாதிரிதான் எல்லாப் பக்கமும் இருக்கிறது.  மின்விசிறியின் கிறீச்சை எங்கே விட்டோம் என்று தேடினாள். கிடைக்கவில்லை.

“மேடம், அவ எழுதல.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தான் எழுதினேன்.”

சொல்லிவிட்டாள். சொன்னவுடன் அறையில் ஏதாவது உடையும், ஏதாவது விழும் என்று எதிர்பார்த்தவள் போல மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் விழவில்லை. வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். மேடம் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.  திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஆச்சரியம் இல்லையென்றால், முன்பே தெரிந்திருக்கிறது. “நீ எழுதல,” என்றார் மேடம்.

“மேடம், நான்...”

“எழுதலன்னு சொல்றேன்ல. நீ சொன்னது எங்காதுல விழல.” குரல் தணிந்திருந்தது, கஞ்சித் தூக்கைத் திறந்து, சூடு ஆறுறதுக்குள்ள குடி என்று சொன்ன அதே குரல். “வந்து எட்டு மாசம் ஆன பொண்ணு எழுதினா, அது வேற. திமிரு, வயசு, யாரோ தூண்டிவிட்டாங்கன்னு போயிடும். ஏழு வருஷம் எங்கூட இருந்தவ எழுதினான்னா, நான் நாளைக்கு இந்த வராந்தாவுல எப்படி நடக்கறது ஹெப்சி? சொல்லு.”  மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். நீல அட்டை போட்ட ஆய்வேட்டை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். ஆறு வாரமாக உள்ளே கிடந்தது. பொன்னெழுத்தில் அவள் பெயர். நெறியாளர் சான்றிதழ்ப் பக்கத்தில் தேதிக்கு விட்ட இடமும் கையெழுத்துக்கு விட்ட இடமும் காலியாக இருப்பது அட்டை மூடியிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. “முப்பதோட உன் பதிவுக் காலம் முடியுது. இன்னைக்கு இருபத்தேழு. இதை இன்னைக்கே போட்டுடறேன். நீ பேரை அடி.” அப்போது கதவைத் தட்டி அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார். துறைத் தலைவர் கூப்பிடுகிறாராம். “பத்து நிமிஷத்துல வந்துடறேன், அடிச்சு பிரிண்ட் எடுத்து வை,” என்று மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம். ஹெப்சிபா ஆய்வேட்டைத் தொடவில்லை. தொட்டால் பிறகு விட முடியாது. துணைவேந்தர் சிறப்பு அனுமதியில் கிடைத்த ஏழாவது வருஷம் இது, இதற்குமேல் நீட்டிப்பு கிடையாது. முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு அந்த நீலப் புத்தகம் வெறும் காகிதம். மண்டபத்திலிருந்து கீழக்கரைவரை இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடுங்கிய பாசிகள், காலில் மட்டிச் சிப்பி கிழித்த தழும்புகள், சனிக்கிழமை தோறும் அம்மா போனில், இன்னும் எம்புட்டு நாளுளா என்று கேட்பதும், இந்தா முடிஞ்சிரும்மா என்று அவள் சொல்வதும். இந்தா என்ற சொல்லை ஏழு வருஷம் இழுக்க முடியும் என்று யாருக்குத் தெரியும். அடித்துவிட்டால் என்ன? யோசித்துப் பார், முத்துப்பேச்சிக்கு இருபத்து மூன்று வயசு. வேறு பல்கலைக்கழகத்தில் சேரலாம். உனக்கு முப்பத்து மூன்று. பத்து வயசு வித்தியாசம் என்பது ஒரு நியாயம் இல்லையா? மேலும் கடைக்குப் போகிறாள் என்பது உண்மைதானே, பொய்யாக ஒன்றும் அடிக்கச் சொல்லவில்லையே. எழுதியது அவள் என்பது மட்டும்தான் பொய். ஒரு பொய். நம்புவதற்குப் போதிய ஆதாரம் உள்ளது என்றுதானே மேடம் சொல்கிறார், நம்புகிறவர் மேடம், நீ வெறும் விரல். வெறும் விரலுக்கு என்ன பாவம்? தன் மனசு இவ்வளவு வேகமாக, இவ்வளவு ஒழுங்காக வாதாடுவதைக் கேட்டு அவளுக்கே பயம் வந்தது. யாரோ ஏற்கெனவே எழுதி வைத்ததை வாசிப்பது போல இருந்தது. விரல் மு என்று அடித்தது. திரையில் கீழே ஒரு சின்னப் பட்டியல் விழுந்தது: முதல், முடிவு, முத்து, முயற்சி. எல்லாவற்றிலும் சரியான எழுத்து. கணினிக்குத் தெரிந்த முயற்சி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதுவே எழுதிக்கொள்ளும், ஒரு தட்டுத் தட்டினால் போதும். முத்து என்பதன்மேல் நீலம் ஏறி நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்து, தாண்டிப் போனது. மேடத்தின் நடை இல்லை. அவள் கை விசைப்பலகையிலிருந்து நழுவி மேஜையின் ஓரத்துக்குப் போனது. அங்கே சாம்பல் நிற இன்டர்காம். குழுவின் கடிதத்தில் மூலையில் எண் போட்டிருந்தது, இருநூற்றுப் பதினாலு. நான் எடுக்கப் போவதில்லை, சும்மா தொட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் எடுத்தாள். ஒரு மணி அடித்ததும் வைத்துவிடலாம். ரெண்டாவது மணிக்கே யாரோ எடுத்துவிட்டார்கள்.

“குறைதீர்க்கும் குழு,” என்றது ஒரு பெண் குரல், எதையோ மென்றுகொண்டே.

“தாவரவியல் துறை... பேரில்லாம ஒரு மனு வந்துச்சே மேடம், பத்மலோசனி மேடத்தைப் பத்தி.”

“ஆமா, இன்னைக்கு மூணு மணிக்கு வருது. விளக்கம் அனுப்பிட்டீங்களா?”

“விளக்கம் இல்ல. அதை எழுதினது நான். அதுக்குப் பேரு போடணும்.”

மெல்லுவது நின்றது. “இருங்க, பேனா எடுத்துக்கறேன். சொல்லுங்க, மெதுவா.” பெயரைச் சொன்னாள். “எப்சிபாவா?” என்றது குரல். “ஹெப்சிபா. ஹ.” பதிவு எண்ணைக் கேட்டபோது ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். நாலாவது இலக்கம் சொல்லும்போது கதவு திறந்தது. மேடம். ஹெப்சிபா அவரைப் பார்த்துக்கொண்டே மீதி மூன்று இலக்கத்தையும் சொன்னாள். வைத்துவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொல்லியது, காதோடு ஒட்டிய வியர்வையில் போன் வழுக்கியது, ஆனாலும் சொல்லி முடித்தாள். “போன்ல சொன்னது செல்லாதும்மா,” என்றது குரல். “மூணு மணிக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். சம்பந்தப்பட்ட இன்னொரு பொண்ணு இருந்தா அதையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேர் சொன்னா நல்லது.” சரி என்று வைத்தாள்.

மேடம் கதவைச் சாத்தினார். பிறகு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் பாதி நின்ற விளக்கத்தைப் பார்த்தார், மு என்று நின்ற இடத்தைப் பார்த்தார். “முப்பதாம் தேதி...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. நீலப் புத்தகத்தை எடுத்தார். ஒரு கணம் பிரிக்கப் போகிறார் என்று தோன்றியது. பிரிக்காமல் இழுப்பறைக்குள் வைத்து மூடினார், ஓங்கி மூடவில்லை, சத்தம் வராமல் மெதுவாகத் தள்ளி மூடினார். அந்த நிதானத்தைத்தான் ஹெப்சிபாவால் தாங்க முடியவில்லை. போயிட்டு வரேன் மேடம் என்று சொன்னாள். எப்போதும் சொல்வதுதான். 

வராந்தாவின் கடைசியில், வெயிலில், கழுவு தொட்டிக்கு முன்னால் நின்று முத்துப்பேச்சி பாசிகளை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றாள், கணுக்காலில் வீக்கம். ஹெப்சிபா பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மனு எழுதியதை, அதில் ஒரு முதலாண்டு மாணவி என்று எழுதியதை, காரில் வைத்துக் கடையைச் சொன்னதை. கடைசியைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நடுவில் ஒரு ஆசை வந்தது, அதையும் சொன்னாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஏனென்றால் முத்துப்பேச்சி அழவில்லை. குழாயை மூடினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளாக்கா?” என்றாள்.

“கேக்கல.”

“எம்பேர வச்சு நீங்க எழுதுவீய, எங்கடையச் சொல்லுவீய, இப்ப வந்து நாந்தான்னும் நீங்களே சொல்லுவீய. நான் ஒருத்தி நடுவுல எதுக்குக்கா இருக்கேன்?” குரல் உயரவில்லை. உதடு மட்டும் கோணியது. “எங்க ஐயாவுக்குக் கடைக்குப் போறது தெரியாது. படிச்சிட்டு இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிது அந்த மனுசன்.”

 மன்னிச்சிரு என்ற சொல் ஹெப்சிபாவின் வாய்வரை வந்து, அதுவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு சொல்லாகத்தான் பட்டது. மேடத்தின் அறைக்கதவு இன்னும் மூடியிருந்தது. முப்பதாம் தேதி நினைப்பு மறுபடி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது, அம்மாவிடம் சனிக்கிழமை என்ன சொல்வது என்பது அதன் பின்னால் வந்தது, குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள், நிற்கவைத்துக் கேட்பார்களா உட்காரவைத்தா, மூணு மணிக்குள் தானே பயந்து விடுதிக்கு ஓடிவிடுவோமா, ஓடக்கூடிய ஆள்தான் நான்.  தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பக் கேக்கறேன்,” என்றாள். “மூணு மணிக்கு நான் போறேன். நீ வரணும்னு இல்ல. வந்தா, உன் பங்கை நீயே சொல்லலாம். நான் வாய் திறக்க மாட்டேன்.”

முத்துப்பேச்சி தட்டில் இருந்த பாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்தாளில் விரித்தாள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஊசி நுனியால் பிரித்துவிட்டாள். அவசரமே இல்லாமல் மேலே இன்னொரு தாளை வைத்து மூடினாள். கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். நிர்வாகக் கட்டடம் இருந்த பக்கம் பார்த்தாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“எத்தனாவது மாடிக்கா?” என்றாள்.